பெனிட்டாவின் பிஸ்கட் ஜாடிகள்

மார்ச் 3, ஞாயிறு

காலையில் ஜாடிகளை எல்லாம் ஹால் அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தேன். துடைத்து முடித்ததும் உள்ளறை அலமாரிக்கு மாற்றினேன். மதியம் திரும்பவும் ஹாலுக்கே கொண்டுவந்தேன். உள்ளறையில் வெளிச்சம் போதவில்லை.

இவை பெனிட்டா சேர்த்தவை. பிஸ்கட் ஜாடிகள். அவள் ஊர் கொடைக்கானல். அங்கே இருந்த அமெரிக்க மிஷனரிகள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப் போனவை. ஆந்தை, பன்றி, கோழி, இடுப்பில் கைவைத்து நிற்கும் குண்டுச் சமையல்காரி. ஒவ்வொன்றுக்கும் தலையே மூடி. தலையைத் தூக்கினால் உள்ளே காலி. இந்த வீட்டில் ஒன்றிலும் யாரும் பிஸ்கட் போட்டதில்லை.

சாயங்காலம் மெர்சி மதினி போன் செய்தார். பெனிட்டாவின் அக்கா. அமலி அவரிடம்தான் இருக்கிறாள், நவம்பரிலிருந்து. பெனிட்டாவை அடக்கம் செய்த மறுநாள் மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்துக்கு என்றுதான் பேச்சு.

"தம்பி, இங்க பள்ளிக்கூடத்துல அப்ளிகேஷன் குடுக்கிறாங்க. பிள்ளைக்கு ஜூன்ல எல்கேஜி. இங்க போடவா, திருச்சியில நீங்க போடுறீங்களா? ஏப்ரல் முடியிறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருங்க."

"சொல்றேன் மதினி."

"நான் வச்சுக்கிறேன்னு கேக்கல. வச்சுக்க மாட்டேன்னும் சொல்லல. எது நல்லதுன்னு நீங்கதான் பாக்கணும்."

மதினிக்குக் குழந்தை இல்லை.

ஆந்தையின் காது நுனியில் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. முன்பே இருந்ததா, இன்று நான் மாற்றும்போது பட்டதா தெரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

கம்பெனியில் இன்று நான் சோதித்த வெல்டு எல்லாம் பாஸ். இரவுக்குப் பரோட்டா.

மார்ச் 10, ஞாயிறு

விடிந்ததும் பைக்கை எடுத்தேன். எங்கே என்று யோசிக்கவில்லை. திண்டுக்கல் தாண்டிய பிறகுதான் கொடைக்கானல் போகிறேன் என்று தெரிந்தது. பெனிட்டா ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஜாடி ஒன்று உண்டு. உட்கார்ந்திருக்கும் கரடி, நீலத் தொப்பி, தொப்பிதான் மூடி. சின்ன வயதில் ஏதோ ஒரு வீட்டு ஜன்னலில் பார்த்தாளாம். அது கிடைத்தால் அவள் நினைத்தது முழுதாகும். அதைத் தேடலாம் என்று கிளம்பியதாக வைத்துக்கொள்ளலாம்.

பஜாரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஹமீது பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பெனிட்டா அவருடைய வாடிக்கை. துக்கம் விசாரிப்பார் என்று பயந்தேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"டீயா, காப்பியா?"

"தொப்பி போட்ட கரடி ஜாடி ஒண்ணு வேணும் பாய்."

"உங்க வீட்டம்மா அதுக்காக என் உசுர வாங்குச்சு. இப்ப நீங்களா? உக்காருங்க. கரடி எங்கயும் ஓடாது."

விசாரித்து வைப்பதாகச் சொன்னார். அங்கே கிடந்த ஜாடிகளை எல்லாம் தூக்கிப் பார்த்தேன். பெனிட்டா வாங்குவதற்கு முன் கையை உள்ளே விட்டு அடியைத் தடவுவாள். பிறகு மோதிர விரலால் வெளியே தட்டிக் காதை வைப்பாள். கணீர் என்றால் எடுப்பாள். நானும் தட்டினேன். என் மோதிரம் லூஸாகிவிட்டது, மோதிரமே தனியாகச் சத்தம் போடுகிறது.

ஊருக்குள் போகும் ரோடு செண்பகனூர் வழியாகத்தான் போகிறது. மதினி வீடு ரோட்டு மேலேயே இருக்கிறது. போகும்போது நிற்கவில்லை, நேரமாகிவிட்டிருந்தது. திரும்பும்போது மழை வரும்போல் இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

இன்றும் கொடைக்கானல். கரடி கிடைக்கவில்லை. முயல் வடிவத்தில் ஒன்று இருந்தது. மூடி வேறு ஏதோ ஜாடியின் மூடி. வாங்கவில்லை. பிறகு பாதி மலை இறங்கியதும் வாங்கியிருக்கலாமோ என்று வண்டியைத் திருப்பினேன். கடை மூடியிருந்தது.

வீட்டுக்கு வந்து மதினிக்குப் போன் செய்தேன். அமலி எடுத்தாள். "அம்மா, போனு" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். மதினி ஓடி வந்து, "பெரியம்மான்னு சொல்லு பாப்பா" என்றது கேட்டது. அதன் பிறகு என்னிடம் ஏதோ சொன்னார். சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

துணி துவைத்தேன். ஏற்கனவே துவைத்த துணிதான்.

மார்ச் 22, வெள்ளி

கம்பெனியில் சூப்பர்வைசர் கதிரேசன் கேட்டார்: "என்னய்யா செல்வின், எல்லாரும் ஞாயித்துக்கெழம தூங்குவாங்க. நீ எங்கயா போற? திங்கக்கெழம மூஞ்சி கருவாடு மாதிரி இருக்கு."

"கொடைக்கானல் சார்."

"ஓ, பிள்ளயப் பாக்கவா. நல்லது."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மார்ச் 31, ஈஸ்டர்

மதினி கூப்பிட்டிருந்தார். போனேன். வாசலில் வண்டியை நிறுத்தி உள்ளே போய் உட்கார்ந்தேன். அமலிக்கு மஞ்சள் கவுன். முடி வளர்ந்திருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு மதினியின் முந்தானைக்குப் பின்னால் போனாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நின்றாள். பெனிட்டாவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் ஜாடிக்குள் பார்ப்பாள்.

சகலை தவசீலன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். சும்மா இருக்கத் தெரியாது. "வா சகல. இப்பத்தான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா? கூகுள்ல போட்டுட்டு வந்தியா?" என்றார்.

மதினி அவரை முறைத்தார். மட்டன் நன்றாக இருந்தது. சாப்பிட்டதும் பஜாரில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தேன். பாய் கடை திறந்திருக்கும்.

"கேக்கு வெட்டலியே தம்பி."

"வந்துடுறேன் மதினி."

பாய் தகவல் வைத்திருந்தார். பாம்பார்புரத்தில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் வீட்டில் நீலத் தொப்பிக் கரடி இருக்கிறதாம். பார்க்கப் போனோம். அவர் வெளியூர் போயிருந்தார். அங்கே கேட்டருகே காத்திருந்ததில் இருட்டத் தொடங்கிவிட்டது. மலையில் இரவில் இறங்குவது நல்லதில்லை. நேராகத் திருச்சிக்கு வந்துவிட்டேன். கேக் வெட்டியிருப்பார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கரடி இருக்கிறது. ஜன்னல் வழியாகவே தெரிந்தது. ஆனால் டீச்சர் விலைக்குத் தரமாட்டாராம். அவர் அப்பா ஒரு மிஷனரி வீட்டில் தோட்டக்காரராக இருந்தவர். அந்த வீட்டில் குண்டுச் சமையல்காரி ஜாடி இருந்ததாம். அது கிடைத்தால் கரடியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஒரு நிபந்தனை, கீறல் இருக்கக் கூடாது.

"சமையக்காரி எங்கிட்ட இருக்கு" என்றேன்.

திரும்பி நடக்கும்போது ஹமீது பாய் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். பிறகு, "தம்பி, அந்தச் சமையக்காரிதான் உங்க வீட்டம்மா மொதமொதல்ல எங்கிட்ட வாங்குனது. காலேஜ் படிக்கிறப்ப. பஸ்ல மடியில வச்சுக்கிட்டே போச்சு" என்றார்.

"தெரியும் பாய்."

"இருக்கிறதக் குடுத்துட்டு இல்லாதத வாங்குறீங்க."

"அவ கேட்டது கரடி."

"சரி" என்றார். "உங்க வியாபாரம்."

இந்த முறையும் செண்பகனூரில் நிற்கவில்லை. வளைவில் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது, எதிரே பஸ்.

ஏப்ரல் 13, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சமையல்காரியைத் தட்டிப் பார்த்தேன். ஒருமுறை கணீர் என்றது, ஒருமுறை மொத்தென்று. உள்ளே கீறல் இருக்கலாம். இருந்தால் கரடி இல்லை. வெல்டில் சந்தேகம் வந்தால் நாங்கள் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். சிவப்புச் சாயம் ஒரு டப்பா, கிளீனர் ஒன்று, வெள்ளைப் பவுடர் ஸ்பிரே ஒன்று. மூன்றும் என் பையிலேயே இருக்கின்றன. சாயத்தைத் தெளித்துக் காத்திருக்க வேண்டும். கீறல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கும். மேலே துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் அடித்தால், இறங்கிய சாயம் கசிந்து ஒற்றைச் சிவப்புக் கோடாகத் தெரியும். தினம் செய்கிற வேலை.

தெளித்தேன். காத்திருந்தேன். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவினேன். துடைத்தேன். பவுடர் அடித்தேன்.

ஒரு கோடு வரவில்லை. உடம்பு முழுக்க வந்தது. முகம், கன்னம், கழுத்து, வெள்ளை ஏப்ரன், இடுப்பில் வைத்த கை. பழைய பீங்கானின் மேல்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வலை போல ஆயிரம் வெடிப்புகள் இருக்கும். அதன் கீழே மண். மண் குடிக்கும். இந்தச் சாயத்தை இரும்புக்கு அடிக்கலாம், அலுமினியத்துக்கு அடிக்கலாம், தண்ணீர் உறிஞ்சுகிற எதற்கும் அடிக்கக் கூடாது. இது முதல் வகுப்பில் சொல்லித்தருவது. நானே டிரெயினிகளுக்குச் சொல்லித்தந்திருக்கிறேன்.

கிளீனரால் தேய்த்தேன். சிவப்பு ரோஸாகிப் பரவியது. சோப்புப் போட்டேன். வெந்நீரில் வைத்தேன். உள்ளே இறங்கியது இறங்கியதுதான்.

கை முழுக்கச் சாயம். அதே கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது. கிளீனர் பட்டால் கண் எரியும். ரொம்ப நேரம் எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "சார், ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். கெமிக்கல் என்றேன்.

கீறல் எதுவும் இல்லை. ஜாடி நல்ல ஜாடி.

ஏப்ரல் 14, ஞாயிறு

எங்கும் போகவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஹமீது பாய் போன் செய்தார். சமையல்காரிக்கு என்ன ஆனது என்று ஏற்கனவே அவரிடம் சொல்லிவிட்டேன். டீச்சர் கரடியைப் பெங்களூர்க்காரர் ஒருவரின் ரிசார்ட்டுக்குக் கொடுத்துவிட்டாராம்.

"வருத்தப்படாதீங்க தம்பி. வேற கரடி வரும்."

"இனி வேணாம் பாய்."

"அப்ப ஞாயித்துக்கெழம வரமாட்டீங்களா?"

அவரே பேசினார். "கடைக்குத்தான் வரணும்னு இல்ல. வர்ற வழியில வேற வீடும் இருக்குல்ல."

பேச்சை மாற்றினேன். வைத்த பிறகு மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். பிரிட்ஜை நகர்த்திப் பின்னால் கூட்டினேன். அமலியின் செருப்பு ஒன்று கிடைத்தது. ஒற்றைச் செருப்பு.

மதினிக்கு மெசேஜ் போட்டேன்: அங்கேயே சேர்த்துவிடுங்கள் மதினி, அதுதான் நல்லது. உடனே போன் வந்தது.

"எழுதிப் போட்டா ஆகாது தம்பி. இருபத்தொம்பதாந் தேதி திங்கக்கெழம பிள்ளயப் பாக்கணும்ங்கிறாங்க. அப்பான்னு ஒரு ஆளு வந்து கையெழுத்துப் போடணும். லீவு எடுத்துட்டு வாங்க."

குரலில் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்ததா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

மதினி அமலிக்கு இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டியிருந்தார். சகலையின் வேனில் போனோம். பள்ளியில் ஒரு சிஸ்டர் அமலியை மேசைமேல் உட்காரவைத்து, நிறம் கேட்டார், பழம் கேட்டார். எல்லாம் சொன்னாள். மதினியின் உதடும் கூடவே அசைந்தது.

"யாரு கூட வந்திருக்க பாப்பா?"

"பெரியம்மா, பெரியப்பா."

"இவங்க யாரு?" என்று என்னைக் காட்டினார்.

அமலி என்னைப் பார்த்தாள். "அப்பா. ஜாடி வாங்க வருவாங்கல்ல, அந்த அப்பா."

சிஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடாமல், கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

வேனில் சாய்ந்துகொண்டு நின்ற தவசீலனிடம் கேட்டேன், "ஜாடி வாங்க வர்றேன்னு அவளுக்கு யாரு சொன்னா?"

"நான்தான்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"சகல, இது என்ன சென்னையா? நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பஜார்ல நிக்கிறது ஊருக்கே தெரியும்." சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "உன் வண்டிச் சத்தம் பிள்ளைக்குத் தெரியும்யா. வளைவுல வர்றப்பவே ஓடிப் போய் கேட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அப்பா வண்டி, அப்பா வண்டின்னு. நீ நிக்காமப் போயிருவ. ரெண்டு வாரம், அது வேற யாரோன்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. பிள்ளகிட்ட எத்தன தடவ பொய் சொல்றது? அப்பா ஜாடி வாங்கப் போறாருன்னு சொல்லிட்டேன். சரின்னு உள்ள போயிரும். சாயங்காலம் எறங்குற சத்தத்துக்கு மறுபடி போய் நிக்கும்."

வண்டியின் சைலன்ஸரை மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே போய் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். சீட் வேண்டாம் என்றேன். மதினி என்னையே பார்த்தார். வீட்டுக்கு வந்து பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தார்.

"மதினி, அமலியக் கூட்டிட்டுப் போறேன்."

"எப்ப?"

"இன்னைக்கு."

"இன்னைக்கா? ஸ்வெட்டரெல்லாம் ஊறப்போட்டிருக்கேனே."

"திருச்சியில ஸ்வெட்டர் எதுக்கு மதினி?"

"அதுவும் சரிதான்." கத்தி நிற்கவில்லை. "ராத்திரி பயந்து முழிக்கும். லைட்டப் போட்டாப் போதும். தூக்கக் கூடாது, தூக்குனா அழும். ரசத்துல மிளகு இருந்தா திங்காது. நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டா யாரு பாப்பா?"

"கம்பெனி பக்கத்துல பகல்ல பாத்துக்கிற இடம் ஒண்ணு இருக்கு. கதிரேசன் சார் பேத்தி அங்கதான் போகுது. ஜூன்ல எல்கேஜி திருச்சியிலயே போடுறேன்."

"முடியலன்னா சொல்லணும். வீம்பு பண்ணக் கூடாது."

"இல்ல மதினி."

பீன்ஸ் மூன்று பேருக்கு மேல் நறுக்கியிருந்தார். எழுந்து போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது.

பிள்ளையை வைத்துக்கொண்டு மலையில் பைக்கில் போகக் கூடாது என்று தவசீலன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "வண்டி இங்க நிக்கட்டும். அப்பத்தான் அவளக் கூட்டிக்கிட்டு திரும்ப வருவ. அதுவும் எங்க வீட்டு வாசலுக்கே வருவ."

பஸ்ஸில் வத்தலக்குண்டு வரை அமலி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். பிறகு என் சட்டைமேல் வாந்தி எடுத்தாள். துடைத்தேன்.

மே 1, புதன்

இட்லி வேண்டாம், தோசை வேண்டாம், பால் வேண்டாம். "பெரியம்மாகிட்ட." அதையே காலையிலிருந்து சொல்கிறாள். போன் போட்டுக் கொடுத்தேன். பேசிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள். மதினியும் அழுதிருப்பார், இருமல் என்று சொன்னார்.

மே 5, ஞாயிறு

வெயிலில் அமலிக்கு வேர்க்குரு. பவுடர் போட்டேன். சடை போட வரவில்லை. பக்கத்து வீட்டம்மா காட்டித்தந்தார்கள். வெல்டிங் வயரை விட முடி வழுக்குகிறது.

பின்வாசலில் நான் ஒதுக்கி வைத்திருந்த சமையல்காரி ஜாடியை அமலி பார்த்துவிட்டாள்.

"இவங்களுக்குக் காய்ச்சலாப்பா?"

பெனிட்டாவுக்கு டெங்கு வந்தபோது கையெல்லாம் சிவப்பாகத் தடித்திருந்தது. இவள் பார்த்திருக்கிறாள். நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"காய்ச்சல் இல்ல. சாயம். அப்பா தெரியாம ஊத்திட்டேன்."

"சரியாயிருமா?"

"ஆகாது."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மாவுக்கும் ஆகல" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். நானும் குடித்தேன்.

மே 8, புதன்

அரை தோசை சாப்பிட்டாள். கதிரேசன் என்னைப் பகல் ஷிப்டுக்கே மாற்றிவிட்டார். "பர்மிஷன், பர்மிஷன்னு வந்து நிக்காத. போறப்ப சொல்லிட்டுப் போ" என்றார்.

மே 12, ஞாயிறு

சமையலறையில் இருந்தேன். ஹாலில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. ரசம் பொங்கிவிடும்போல் இருந்ததால் அடுப்பைக் குறைத்தேன். அதற்குள் உடைந்தது.

ஆட்டுக்குட்டி ஜாடி. தேவாலய சேல் ஒன்றில் பெனிட்டா வாங்கியது. உடம்பு பெரிய துண்டுகளாகவும் தலை பொடியாகவும் தரை முழுக்கக் கிடந்தது. அமலி அதற்கு நடுவில் வெறுங்காலோடு நின்றாள். அழவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் கோணியது.

"அசையாத" என்றேன்.

அசையவில்லை.

"என்னப் பஸ்ஸு ஏத்தி விட்ருவீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பெரியம்மாவிடம் போக வேண்டும் என்று இத்தனை நாள் கேட்டவள். இப்போது கேட்பது அது இல்லை.

"எதுக்கு?"

"ஜாடிய ஒடச்சிட்டேன்ல."

துண்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு அவளிடம் போனேன். அவளைத் தூக்கி ஜன்னல் திண்டில் உட்காரவைத்தேன். தூக்கினால் அழுவாள் என்று மதினி சொல்லியிருந்தார். அழுதாள். வலது பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன், பிறகு இடது பாதத்தை. கட்டை விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்தி, வலிக்குதா, இங்க வலிக்குதா என்று கேட்டேன். எங்கும் குத்தவில்லை.

"பஸ்ஸெல்லாம் ஏத்த மாட்டேன்" என்றேன். "நீ இங்கதான் இருப்ப. அப்பாவும் இங்கதான் இருப்பேன்."

"ஜாடி?"

"போச்சு. போகட்டும்."

என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு மறு கையால் பெருக்கினேன். ஒழுங்காகப் பெருக்க வரவில்லை. ரசம் தீய்ந்துவிட்டது. வெளியே போய்ச் சாப்பிட்டோம்.